கரைத்த உலோகமும் கரைந்த உலோகமும்: பயிர்வளர்ச்சி ஆய்வுகளை மொழிபெயர்ப்பதில் ஒரு சொற்சிக்கல்

உலோகங்களின் மிக நுண்ணிய துகள்கள் பயிர்களின் வளர்ச்சியை எவ்வாறு மாற்றுகின்றன என்பது பற்றிய ஆய்வுகள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் முனைப்புப் பெற்று இன்று பெருந்தொகையாகப் பெருகியுள்ளன. துத்தநாக ஆக்சைடு, தாமிர ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு, வெள்ளி ஆகியவை இவற்றுள் மிகுதியும் ஆராயப்பட்டவை. இந்தியாவில் இவ்வாய்வுகள் ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் வெளியிட்டது. 2021இல் நானோ உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டது. எனவே ஆய்வேடுகளில் இருந்த செய்தி துண்டறிக்கையாகவும் பயிற்சிக் கையேடாகவும் புட்டியின் மேல் ஒட்டும் விவரச் சீட்டாகவும் இந்திய மொழிகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் ஊடே ஒரே வினா ஓடுகிறது. செடி எதற்கு எதிர்வினை காட்டுகிறது? துகளுக்கா, அன்றித் துகளிலிருந்து பிரிந்து நீரில் கரைந்துவிட்ட உலோகத்திற்கா? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே சோதனைகள் வகுக்கப்படுகின்றன. அறிஞர் கருத்து வேறுபடுவதும் இதன்பாற்பட்டதே. ஆனால், ‘நானோத் துகள்களை நீரில் கரைத்து விதைகளுக்கு ஊற்றினர்’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதிவிடும்போது, ஆய்வாளர் விடுவிக்க முயலும் வினாவிற்கு அவர் தம்மையறியாமல் விடை கூறிவிடுகிறார். அவ்விடை பெரும்பாலும் தவறாகவே அமைகிறது. ‘கரை’ என்னும் வினைச்சொல்லைச் சுற்றி எழும் இச்சிக்கலையும் அதனோடு தொடர்புடைய வேறு சில சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு முன்னர் ஆய்வுப்பொருளின் இயல்பை ஓரளவு விளக்குதல் வேண்டும். பொருள் விளங்காமல் சொல்லைத் தேர்வதால் விளையும் கேடுகளுக்குக் கலைச்சொல் அகராதிகளே போதிய சான்று.

ஊட்டமாகும் உலோகம்

உலோகம் என்றால் நஞ்சு என்று கொள்வது பொதுவழக்கு. பயிரியலுக்கு அது பொருந்தாது. இரும்புக் குறைவால் வெளிறிய இலைகள் இரும்பு உப்பைப் பெற்றதும் பசுமை மீள்வதைப் பிரான்சு நாட்டினரான கிரீ 1840களில் காட்டினார். துத்தநாகம் உயர் தாவரங்களுக்கு இன்றியமையாதது என்பதைச் சாமரும் லிப்மனும் 1926இல் நிறுவினர். ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று கூறுவதற்குரிய அளவைகளை ஆர்னன், ஸ்டவுட் என்னும் இருவர் 1939இல் வகுத்தனர். அத்தனிமம் இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடித்தல் இயலாது. அதன் இடத்தை மற்றொன்று நிரப்புதல் இயலாது. செடியின் வளர்சிதை மாற்றத்தில் அதற்கு நேரடிப் பங்கு இருத்தல் வேண்டும். நிக்கல் இவ்வளவைகளை நிறைவு செய்கிறது என்பது 1987இல்தான் காட்டப்பட்டது.

இந்திய வேளாண்மையில் இதற்குரிய சிறந்த எடுத்துக்காட்டு இமயமலையின் அடிவாரத் தராய் நிலத்தில் கிடைத்தது. அங்கு நெற்பயிரின் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றியது. உழவர் அதனைக் ‘கைரா’ என்றனர். காசுக்கட்டியின் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் இந்திச் சொல் அது. பந்த்நகரில் பணியாற்றிய ஒய். எல். நேனே அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறைவால் வருவது என்பதை 1966இல் வெளிப்படுத்தினார். உழவரின் நிறச்சொல் அறிவியல் கலைச்சொல்லாயிற்று. ஆயினும் தமிழ்நூல்களில் அது ‘கைரா நோய்’ என்றே வழங்குகிறது. தொற்றும் நோய்க்கும் ஊட்டக் குறைபாட்டிற்கும் ஒரே சொல் ஆளப்படுவதால், அதற்குப் பூச்சிமருந்துக் கடையில் மருந்து தேடும் நிலை உண்டாகக்கூடும்.

தேவையான அளவிற்கும் தீங்கு செய்யும் அளவிற்கும் உள்ள இடைவெளி பெரிதன்று. உலர்ந்த இலையின் ஒரு கிலோகிராமில் துத்தநாகம் ஏறத்தாழ 20 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் பல பயிர்களில் குறைபாடு தோன்றும். சில நூறு மில்லிகிராமைத் தாண்டினால் வேர் குறுகி இலை வெளிறும். தாமிரத்தில் இவ்விடைவெளி இன்னும் குறுகியது. அலுமினியம் செடிக்கு ஊட்டமே அன்று. எனினும் அமில மண்ணில் அது அயனியாகக் கரைந்து வேர்நுனியின் நீட்சியைத் தடுக்கும்.

துகள் வேறுபடும் வகை

1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோத் துகள் எனல் இன்றைய வழக்கு. ஐரோப்பிய ஆணையம் 2011இல் தந்த வரையறை ஒரு பொருளின் துகள்களுள் எண்ணிக்கையால் பாதியோ அதற்கு மேலோ இவ்வளவினவாக இருத்தல் வேண்டும் என்றது. இங்கு அளவுகோல் எண்ணிக்கையே, எடை அன்று. ‘பாதி நானோத் துகள்’ என்று பெயர்த்தால் படிப்பவர் எடையையே எண்ணுவர்.

அளவு சிறுத்தால் என்ன நேரும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகத் துண்டித்தால் பத்து லட்சம் துண்டுகள் கிடைக்கும். எடை மாறாது, மேற்பரப்பு நூறு மடங்காகும். கரைதல் மேற்பரப்பில் நிகழ்வதாகலின் கரையும் விரைவும் மிகும். எனவே சிறு துகள் என்பதும் விரைந்து கரைவது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. இரண்டையும் பிரித்தறிவது கடினமாவதும் இதனாலேயே.

உலோகத்தைக் கரைந்த வடிவில் அன்றித் துகள் வடிவில் பயிருக்கு அளிப்பது புதுமையன்று. பிரான்சின் போர்டோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்தே 1885இல் அறிமுகப்படுத்திய பூசணக்கொல்லி இதற்கு முன்னோடி. மயில்துத்தம் நீரில் முழுமையாகக் கரையக்கூடியது. அதனை அவ்வாறே தெளித்தால் இலை கருகும். அதனுடன் சுண்ணாம்பு சேரும்போது தாமிரம் எளிதில் கரையாத நுண்படிவாக மாறி இலையில் ஒட்டிக்கொண்டு, பின்னர்ப் பனியிலும் மழையிலும் சிறிது சிறிதாக அயனியை விடுவிக்கிறது. மைசூர் அரசில் பணியாற்றிய லெஸ்லி கோல்மன் 1910ஐ ஒட்டிப் பாக்கு மரத்தின் அழுகல் நோய்க்கு இதனைப் பரிந்துரைத்தார். அந்நோயின் உலகறிந்த பெயரான ‘கொளெ ரோக’ என்பதும் அழுகலைக் குறிக்கும் கன்னடத் தொடரே. இம்மருந்தைத் தமிழ் வேளாண் நூல்கள் ‘போர்டோ கலவை’ என்கின்றன. ‘போர்டோ கரைசல்’ என்பது அருகியே வருகிறது. இச்சொல்லாட்சி மிகப் பொருத்தமானது. நானோத் துகள் பற்றி எழுதுவோர் இதனைப் பின்பற்றியிருக்கலாம்.

சோதனைகள் காட்டுவன

2005இல் யாங், வாட்ஸ் ஆகிய இருவர் அலுமினா நானோத் துகள்கள் மக்காச்சோளம், வெள்ளரி, சோயா மொச்சை, முட்டைக்கோசு, கேரட் ஆகியவற்றின் வேர்நீட்சியைக் குறைப்பதைக் கண்டனர். துகளின் மேல் ஒரு கரிமச் சேர்மத்தைப் படியச்செய்தபோது அத்தீங்கு குறைந்தது. எனவே தீங்கிற்குக் காரணம் துகளின் மேற்பரப்பு இயல்பாக இருக்கலாம் என்றனர். அடுத்த ஆண்டே மூராஷோவ் என்பவர் அதனை மறுத்து எழுதினார். அலுமினியம் கரைந்த நிலையில் வேருக்கு நஞ்சு என்பது நெடுநாள் அறிந்த செய்தி. நீரில் எவ்வளவு அலுமினியம் கரைந்திருந்தது என்பதை அளக்காமல் துகளின்மேல் பழி சுமத்துதல் தகாது என்பது அவர் கருத்தின் சாரம். (துகள் என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் குற்றம் என்னும் பொருளும் உண்டு.)

இம்மறுப்பிற்குப் பின் சோதனை அமைப்பில் ஒழுங்கு வந்தது. நானோத் துகளைப் பெற்ற செடியோடு வேறு சில செடிகளும் வளர்க்கப்பட வேண்டும். எதுவும் பெறாதது ஒன்று. அதே சேர்மத்தின் பெரிய துகளைப் பெற்றது ஒன்று. அதே உலோகத்தின் கரையும் உப்பைப் பெற்றது ஒன்று. இவற்றுக்குரிய மூலச்சொல் தமிழில் ‘கட்டுப்பாடு’ என்று பெயர்க்கப்படுவது பரவலான பிழை. எதனையும் கட்டுப்படுத்துவது இங்கு நோக்கமன்று, ஒப்பிடுவதே நோக்கம். ‘ஒப்பீட்டுச் செடி’ என்பது தெளிவானது. பெரிய துகளைப் ‘பருந்துகள்’ என்று சொல்லாக்கம் செய்தல் இலக்கணப்படி இயலும். ஆனால் வயலின்மேல் பறவைகள் வட்டமிடும் பொருளைத் தவிர்க்க ‘பெருந்துகள்’ என்பதே நன்று.

லின், சிங் ஆகியோர் 2007இல் முள்ளங்கி, கடுகினப் பயிர், ரை புல் முதலிய ஆறு இனங்களின் விதைகளைச் சோதித்தனர். துத்தநாகமும் துத்தநாக ஆக்சைடும் வேர்வளர்ச்சியைக் கடுமையாகத் தடுத்தன. முள்ளங்கியின் வேர்வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராமும், கடுகினப் பயிருக்கும் ரை புல்லுக்கும் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் போதுமாயிருந்தன. 2008இல் ரை புல்லைக் கொண்டு மேலும் ஆராய்ந்து, ஊட்டநீரில் கரைந்திருந்த துத்தநாகத்தைக் கொண்டு மட்டும் இத்தீங்கினை விளக்க இயலாது என்னும் முடிவிற்கு வந்தனர். இதற்கு மாறாக, நன்னீர்ப் பாசியைக் கொண்டு ஃபிராங்க்ளின் குழுவினர் 2007இல் செய்த ஆய்வில் நானோத் துகளும் பெருந்துகளும் துத்தநாக உப்பும் ஒத்த அளவிலேயே நச்சாயின. கரைந்த துத்தநாகமே அனைத்திற்கும் காரணம் என்று அவர்கள் கொண்டனர். இரு முடிவுகளும் முரண்படுவனபோலத் தோன்றினும் உயிரும் ஊடகமும் வேறுபடுதலின் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கக்கூடியவையே.

இச்சிக்கலை வேறொரு வழியால் அணுகியவர் டெக்சாசின் எல் பாசோ ஆய்வாளர். சோயா மொச்சையின் வேருக்குள் சென்ற உலோகம் எவ்வடிவில் இருக்கிறது என்பதை அவர்கள் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறையால் 2010இல் நேரடியாகவே கண்டனர். சீரியம் ஆக்சைடு துகளாகவே உள்ளே இருந்தது. துத்தநாக ஆக்சைடோ துகளாகக் காணப்படவில்லை. துத்தநாகம் மட்டும் வேறு சேர்மங்களாக இருந்தது. 2012இல் வெளிவந்த கலிபோர்னிய ஆய்வொன்றில் மண்ணில் முழு முதிர்ச்சி வரை வளர்க்கப்பட்ட அதே பயிரின் விதையில் துத்தநாகம் மிகுந்தது. சீரியம் ஆக்சைடு மிகுந்த மண்ணிலோ வேர்முடிச்சுகளின் நைட்ரசன் நிலைநிறுத்தம் குன்றியது. ஆக, ‘நானோத் துகள் பயிருக்குள் செல்கிறதா?’ என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. ஒன்று துகளாகச் சென்றது. மற்றொன்று கரைந்து சென்றது. ‘நானோத் துகள்கள் தானியத்தில் சேர்கின்றன’ என்று பொதுவாகப் பெயர்க்கும் செய்தித்தாள் தொடர் முன்னதற்கு ஓரளவு பொருந்தும், பின்னதற்குப் பொருந்தாது. உண்பவர் அச்சம் கொள்வதற்கும் கொள்ளாதிருப்பதற்கும் உரிய வேறுபாடு இங்குள்ளது.

நன்மை காட்டிய ஆய்வுகளும் உள. திருப்பதி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட நிலக்கடலை ஆய்வில், 25 நானோமீட்டர் அளவுள்ள துத்தநாக ஆக்சைடு பத்து லட்சத்திற்கு 1000 பங்கு என்னும் அளவில் முளைப்பையும் நாற்றின் வீரியத்தையும் உயர்த்தியது; 2000 பங்கில் அதுவே வளர்ச்சியைத் தடுத்தது. இவ்வெண்களைப் பெயர்ப்பவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1000 பங்கு என்பது நீரில் இடப்பட்ட துகளின் அளவு. கரைந்த துத்தநாகத்தின் அளவு அன்று. நடுநிலையான நீரில் துத்தநாக ஆக்சைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே கரையும். ‘1000 பங்கு துத்தநாகம்’ என்று எழுதிவிட்டால் ஆக்சிசனின் எடையும் துத்தநாகமாகிவிடும். துத்தநாக ஆக்சைடில் துத்தநாகம் எடையால் 80 விழுக்காடு. உரக்கடையில் கிடைக்கும் துத்தநாக சல்பேட்டில் அது 21 விழுக்காடே. தமிழ்நாட்டில் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டில் உள்ள உலோகம் 5 கிலோவைச் சற்றே தாண்டும். ‘சம அளவு’ என்று மூலத்தில் வரும்போது சேர்மம் சமமா, உலோகம் சமமா என்று தேடிப் பார்த்தே எழுதுதல் வேண்டும்.

வேர் தானும் வாளா இருப்பதன்று. இரும்பு குறைந்த மண்ணில் புல்லினப் பயிர்கள் ஒருவகை அமிலங்களைச் சுரந்து கரையாத இரும்பைக் கரைத்து உறிஞ்சுகின்றன. சப்பானியர் அவற்றுள் ஒன்றை வாற்கோதுமையில் கண்டு, கோதுமை இனங்களைக் குறிக்கும் தம் மொழிச்சொல்லான ‘முகி’ என்பதிலிருந்து முகினிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆகவே, குவளை நீரில் கரையாத துகள் வேரின் அருகே கரையக்கூடும்.

‘கரை’ என்னும் வினை

தமிழில் ‘கரைத்தல்’ என்பது சமையலறையிலும் களத்திலும் அன்றாடம் வழங்கும் சொல். உப்பைக் கரைக்கிறோம், மாவைக் கரைக்கிறோம், புளியைக் கரைக்கிறோம், மஞ்சளையும் சந்தனத்தையும் கரைக்கிறோம், சாணத்தைக் கரைத்து வாசல் தெளிக்கிறோம். இவற்றுள் உப்பு ஒன்றே வேதியியல் நோக்கில் முழுமையாகக் கரைவது. ஏனையவை பெரும்பான்மையும் நீரில் விரவி நிற்பன. சிறிது நேரம் வைத்தால் மேலே தெளிவும் அடியில் மண்டியுமாகப் பிரிவன. பேச்சுவழக்கில் கரைந்ததா என்பதற்குரிய அடையாளம் கட்டி இல்லாமை. கண்ணுக்குக் கட்டி தெரியவில்லையேல் ‘நன்றாகக் கரைந்துவிட்டது’ என்பர். நானோத் துகளோ எந்நிலையிலும் தனித்துக் கண்ணுக்குத் தெரியாது. எனவே பேச்சுத் தமிழின் அளவைப்படி நானோத் துகள் எப்போதும் கரைந்ததே. வேதியியலின் அளவைப்படி அது கரையாமையாலேயே துகள் எனப்படுகிறது. சிக்கலின் வேர் இது.

இது தமிழின் குறையன்று. மூலமொழியிலும் குழப்பம் உண்டு. அது வேறு வகையினது. நீர்ப் பகுப்பாய்வில் ‘கரைந்த உலோகம்’ என்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் வரையறை செயல்முறை சார்ந்தது. 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளைக் கடந்து செல்வது எதுவோ அது கரைந்தது எனப்படும். 0.45 மைக்ரோமீட்டர் என்பது 450 நானோமீட்டர். முப்பது நானோமீட்டர்த் துகள் அத்துளையைத் தடையின்றிக் கடக்கும். ஆகவே பழைய நீர்த்தர அறிக்கைகளில் வரும் ‘கரைந்த தாமிரம்’ என்பதில் உண்மையாகக் கரைந்த அயனியும் நானோத் துகளும் ஒருங்கே அடங்கும். நானோ ஆய்வாளர்கள் இதனை உணர்ந்தே மீநுண் வடிப்பையும் உயர்விரைவு மையவிலக்கத்தையும் கையாண்டு இரண்டையும் பிரிக்கின்றனர். இருவகை அறிக்கைகளிலும் ஒரே சொல் வருகிறது, பொருளோ வேறு. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் எந்த வடிதாள் பயன்படுத்தப்பட்டது என்னும் செய்முறைப் பத்தியைப் படிக்காமல் இச்சொல்லைப் பெயர்த்தல் இயலாது. அகராதி இங்கு உதவாது.

அச்சொல்லைப் பெயர்ப்பதில் இன்னொரு பழக்கமும் புகுந்துள்ளது. மூலத்தின் இறந்தகாலப் பெயரெச்சத்தைக் கண்டதும் செயப்பாட்டுவினையென்று கருதிக் ‘கரைக்கப்பட்ட உலோகங்கள்’ என்று எழுதுவர். செயப்பாட்டுவினை கரைத்தவர் ஒருவரை உட்கொண்டது. மூலச்சொல்லோ பல இடங்களில் பொருளின் நிலையையே குறிக்கிறது. கரைத்தவர் எவரும் இலர். இங்குத் தமிழின் தன்வினை பிறவினைப் பாகுபாடு எதிர்பாராத ஒரு வசதியைத் தருகிறது. ஆய்வாளர் உப்பாக இட்டது ‘கரைத்த துத்தநாகம்’. துகளிலிருந்து தானே பிரிந்தது ‘கரைந்த துத்தநாகம்’. மூலமொழியில் ஒரு சொற்றொடரால் விளக்க வேண்டிய இவ்வேறுபாட்டைத் தமிழ் ஒரு மெல்லெழுத்தாலும் வல்லெழுத்தாலும் உணர்த்திவிடுகிறது. ஒப்பீட்டுச் செடி பெறுவது கரைத்தது. துகள்பெற்ற செடி துகளோடு சேர்த்துப் பெறுவது கரைந்தது. இத்துறையின் மையவினாவையே ‘விளைவு துகளினதா, கரைந்ததினதா?’ என்று தெளிவாகக் கேட்டுவிடலாம். இருக்கும் வசதியை விட்டுக் ‘கரைக்கப்பட்ட’ என்பதை நாடுவது வீண்.

துகள் நீரில் பரவி நிற்கும் நிலைக்குப் பாடநூல்களில் தொங்கல், கூழ்மம் என்னும் சொற்கள் உள. இரண்டும் பெயர்ச்சொற்கள். ‘நீரில் கரைத்து’ என்னும் வினையெச்சத்தின் இடத்தில் வைக்க ஒரு வினை வேண்டும். ‘கலந்து’ என்பது பொதுவினை. இரு நீர்மங்களும் கலக்கும். ‘விரவுதல்’ தக்கது. இலக்கணத்தார் விரவுப்பெயர் என்று ஆளும்போது இரு திணைக்கும் பொதுவாய் நிற்பதைக் குறிக்கின்றனர். திணைகள் ஒன்றில் ஒன்று மறைவதை அன்று. நீரும் துகளும் தத்தம் இயல்பு கெடாமல் கலந்து நிற்றலை அச்சொல் நன்கு உணர்த்தும். ‘துகள்களை நீரில் விரவி ஊற்றினர்’ என்பது முதற்கண் சிறிது புதிதாக ஒலிக்கும். தவறான விடையைத் தராது.

அயனி என்பதில் சிக்கல் இல்லை. 1834இல் ஃபாரடே வேண்ட வில்லியம் ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து எடுத்துத் தந்த ‘செல்வது’ எனும் பொருளுடைய சொல் தமிழகத்தில் அயனியாகவும் இலங்கையில் அயனாகவும் நிலைபெற்றுவிட்டது. துகளுக்கு இலங்கை நூல்கள் துணிக்கை என்பதை ஆளும்.

நுண்மையும் நாகமும்

‘நுண்’ என்னும் அடை இத்துறையில் இரண்டு வேலை செய்கிறது. நுண்ணூட்டம் என்பதில் அது தேவைப்படும் அளவின் சிறுமையைச் சுட்டுகிறது; நுண்துகள் என்பதில் உருவின் சிறுமையைச் சுட்டுகிறது. ‘நுண்ணூட்டத் துகள்’ என்னும் தொடரில் எது நுண்ணியது என்பது விளங்காது. துத்தநாக சல்பேட்டுப் படிகம் சோற்றுப் பருக்கையளவு இருப்பினும் நுண்ணூட்டமே. ‘நானோ’ என்பதைத் தமிழாக்க முனைந்து ‘மீநுண்’ என்று எழுதியோரும் உளர். ‘மீநுண் ஊட்டம்’ என்றால் இன்னும் குறைந்த அளவில் தேவைப்படும் ஊட்டம் என்றே உழவர் கொள்வர். கிரேக்கத்தில் குள்ளனைக் குறித்த நானோவை அப்படியே வைத்துக்கொள்வதால் இழப்பு ஏதும் இல்லை.

இதனினும் இடர் மிக்கது ‘நாகம்’. தமிழில் நாகம், துத்தநாகம் இரண்டும் ஓர் உலோகத்தையே குறிக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நாகம் என்பதே வழக்கு, மலையாளத்திலும் அதுவே. சித்த மருத்துவத்தின் நாக பற்பம் துத்தநாகத்தால் ஆவது. ஆனால் வடமொழி இரசநூல்களில் நாகம் என்பது காரீயம். துத்தநாகத்திற்கு யசதம் என்று பெயர். ஆயுர்வேதத்தின் நாக பசுமம் காரீயத்தால் ஆவது. ஒன்று பயிருக்கும் மனிதர்க்கும் இன்றியமையாத ஊட்டம். மற்றது இருவர்க்கும் ஆகாத நஞ்சு. வடமொழிச் சார்புள்ள நூலொன்றைத் தமிழாக்குவோர் சொல் ஒத்திருப்பதால் பொருளும் ஒக்கும் என்று கருதிவிட்டால் நேர்வது இலக்கியப் பிழையன்று. பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் உள என்று காட்டும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

‘கன உலோகம்’ பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. அத்தொடர் அடர்த்தியைக் குறிக்கிறதா, அணு எடையைக் குறிக்கிறதா, நச்சுத்தன்மையைக் குறிக்கிறதா என்பது மூலமொழியிலேயே தெளிவில்லை என்று வேதியியலாளர் டஃபஸ் 2002இல் விரிவாக எழுதினார். இலேசான அலுமினியம் வேருக்கு நஞ்சாவதும் கனமான துத்தநாகம் ஊட்டமாவதும் முன்னரே காட்டப்பட்டன. மூலத்தில் உலோகத்தின் பெயர் இருக்குமாயின் அப்பெயரையே எழுதுதல் நலம்.

தெளிப்பானின் அடியில்

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. கரைசலில் உலோகம் எங்கும் சமமாக இருக்கும். முதல் வரிசைச் செடிக்கும் கடைசி வரிசைச் செடிக்கும் ஒரே அளவு கிட்டும். விரவி நிற்கும் துகள் அத்தகையதன்று. நீரின் உப்புத்தன்மையாலும் கடினத்தன்மையாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு தெளிப்பானின் அடியில் தங்கும். அடியிலிருந்து உறிஞ்சும் தெளிப்பான் தொடக்கத்தில் செறிந்த நீரையும் பின்னர் நீர்த்த நீரையும் தரும். இடையிடையே குலுங்கினால் இம்முறை மாறும். நிலக்கடலையில் 1000 பங்கிற்கும் 2000 பங்கிற்கும் இடையே வளர்ச்சி தளர்ச்சியானதைக் காணும்போது இவ்வேறுபாடு சிறிதன்று என்பது விளங்கும். ‘நீரில் கரைத்துத் தெளிக்கவும்’ என்று விவரச் சீட்டில் படித்த உழவர் ஒருமுறை கலக்கியதும் போதும் என்று எண்ணுவார். உப்பைக் கரைத்தவர் மீண்டும் கலக்குவதில்லை. மூலச் சீட்டில் புட்டியைக் குலுக்குமாறு ஒரு தொடர் இருந்திருப்பினும், ‘கரைசல்’ என்ற சொல்லைப் பார்த்த பின் அதனை வெறுஞ் சடங்காகவே அவர் கொள்வார்.

எனவே துத்தநாக சல்பேட்டிற்கு ‘நீரில் கரைத்துத் தெளிக்கவும்’ என்பதும், துத்தநாக ஆக்சைடு நானோத் துகளுக்கு ‘புட்டியை நன்கு குலுக்கி, நீரில் விரவி, இடையிடையே கலக்கித் தெளிக்கவும்’ என்பதும் பொருந்தும் தொடர்கள். இரண்டாவது நீளமானது, சீட்டில் அதற்கு இடம் உண்டு.